களம்பூர் பஸ்

ஆரணி
12-8-1983

என் அன்புள்ளவருக்கு,

பெங்களூரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே எல்லோரும் நலம். உங்கள் அப்பாவும் நன்றாகச் சாப்பிடுகிறார். போன வாரம் தறியில் இருந்த பட்டு இழைகளையெல்லாம் கத்தரித்துவிட்டார். ஏன் மாமா என்று கேட்டதற்கு, "யாரும்மா நீ? எங்க ஊட்ல உனக்கு இன்னா வேலை?" என்றார்.

மூச்சு முட்டும்போது பக்கத்து வீட்டுத் தனகோடி அக்காவிடம் அவரை விட்டுவிட்டு, களம்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஜன்னலோரம் அழுதுவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவேன்.

நேற்று அக்கா ஊரில் இல்லாததால் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது என் முகத்தையே பார்த்தார்.

"ஏம்மா அழுதுகினு வர்ற? ஊட்ல யாராவது எதனா சொன்னாங்களா?"

என்னை அப்படி யாரும் கேட்டு வெகுநாளாகிறது.

ஆரணியில் எல்லோரும் இறங்கினார்கள். "வாங்க மாமா, ஊட்டுக்குப் போலாம்" என்றேன். அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நீ போம்மா. என் மருமவ வருவா. அவ வந்தாத்தான் நான் எறங்குவேன்."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பஸ் மறுபடியும் களம்பூருக்குக் கிளம்பிவிட்டது.

தீபாவளிக்கு வரலாம் என்று இருக்க வேண்டாம். இதைக் கண்டதும் வாருங்கள்.

உங்கள் மனைவி