முன்பெட்டியில் இருந்த சாக்குகள்

அன்பான மஜீத் நானா,

நீங்கள் போய்விட்ட செய்தி எனக்கு ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத்தான் கிடைத்தது. கிண்ணியாவிலிருந்து மருந்தெடுக்க வந்த ஒரு பெண், மருந்துத் துண்டை நீட்டிக்கொண்டே சொன்னாள். "ஜீப் ஓட்டின மஜீத் நானா மௌத்தாகிட்டார் மிஸி. முந்தநாள் அடக்கியாச்சு." நான் அவளுடைய மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். அழுகை வரவில்லை. உங்களிடம் கேட்காமல் பதினொரு வருடம் தள்ளிப்போட்ட ஒரு கேள்விதான் முன்னுக்கு வந்து நின்றது.

இனி அதை யாரிடம் கேட்பது? நேரில் கேட்டிருந்தாலும் நீங்கள் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போயிருப்பீர்கள். அதனால்தான் நாலு பேர் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. நாங்கள் செய்த வேலையைச் சொன்னால் கொஞ்சம் பிடிபடும். காசம் என்கிற நெஞ்சுநோயைப் பார்ப்பதற்காகச் சுகாதாரக் கந்தோர் எங்களுக்கு ஒரு கரவன் தந்திருந்தது. இரண்டு சில்லு வைத்த தகர வீடு. அதற்குள் எக்ஸ்ரே இயந்திரம், அதற்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேற்றர், படம் கழுவ ஒரு இருட்டறை. நகரத்துக்கு வர முடியாத சனங்களுக்கு நாங்கள் அதை இழுத்துக்கொண்டு போகவேண்டும். மூதூருக்கும் அப்பால், தெருவென்று பெயர்கூட இல்லாத இடங்களுக்கு. இழுக்கிறது நாலு சில்லும் பிடிக்கிற ஒரு பழைய ஜீப். ஓட்டுகிறது நீங்கள். படம் எடுக்கிறது சின்னத்துரை. நான் மிஸி, தாதி வேலை, வயது இருபத்தாறு, உப்புவெளியில் என் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து பேர்.

மணலில் நீங்கள் ஓட்டுகிறதைப் பார்த்தால் வேலை சுலபம் போலத்தான் தெரியும். மணல் தொடங்கும் இடத்தில் இறங்கி எல்லா டயரிலும் காற்றைக் குறைப்பீர்கள். தரை இறுகியதும் மறுபடி இறங்கிக் கைப்பம்பால் அடிப்பீர்கள். சீனக்குடா விமானத் திடலில் உலக யுத்த காலத்தில் விரித்த ஓட்டைத் தகடுகளில் நாலு எப்படியோ உங்களிடம் வந்து சேர்ந்திருந்தன. சில்லுப் புதைந்தால் அவற்றை அடியில் செருகி, "பிஸ்மில்லா" என்று ஒரு சொல். வண்டி முனகிக்கொண்டு மேலே ஏறும். "எப்படி வந்தது இந்தத் தகடு?" என்று சின்னத்துரை கேட்டபோது, "நடந்து வந்திச்சி" என்றீர்கள். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் சந்தேகத்துக்கு அது முதல் விதை.

கரவனின் முன்பக்கத்தில், ஜீப்பின் கொழுவியில் மாட்டும் தண்டுக்கு மேலே, ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. கந்தோர்ப் பட்டியலின்படி அது வெறும் பெட்டி. நீங்கள் அதற்குச் சொந்தப் பூட்டுப் போட்டிருந்தீர்கள். திறப்பு உங்கள் இடுப்புப் பெல்ட்டில்.

கிண்ணியாத் துறையில் பாதையேறி அக்கரைக்குப் போவோம். வாகனங்களை ஏற்றுகிற அந்தத் தட்டைப் படகைத்தான் நாங்கள் பாதை என்போம். இறங்கிக் கொஞ்சத் தூரம் போனதும், ஆற்றங்கரையில் ஒரு மருதமரத்தடியில் ஜீப்பை நிறுத்துவீர்கள். "ரெண்டு பேரும் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க. நான் டயரப் பாக்கோணும்." நாங்கள் திரும்பி வரும்போது கரவனின் முகம் முன்னிலும் தாழ்ந்திருக்கும். உங்கள் சாரம் முழங்கால் வரை நனைந்திருக்கும். திரும்பி வரும் பயணத்தில் அதே மரத்தடியில் அதே தேத்தண்ணி. முகம் மறுபடி உயர்ந்திருக்கும்.

அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது என்ற காலம் அது. சந்திக்குச் சந்தி மரம் போட்டு மறித்து, பஸ்ஸில் போகிற பெண்களின் பையைக்கூடத் துழாவினார்கள். ஆனால் நெஞ்சுநோய்க் கரவனை யாரும் திறக்கச் சொல்லவில்லை. இருமல் தொற்றும் என்ற பயம். அரிசி கடத்த இதைவிட நல்ல வண்டி இந்த மாவட்டத்தில் உண்டா? நான் இரவு பகலாக அதைத்தான் யோசித்தேன்.

ஒருநாள் தேத்தண்ணிக் கடை பூட்டியிருந்ததால் நான் கெதியாகத் திரும்பிவிட்டேன். பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே நாலு சாக்கு, வாய் தைத்து, நிறைந்து இருந்தன. என்னைக் கண்டதும் மூடியை அடித்துச் சாத்தினீர்கள்.

"என்ன நானா அது?"

"நீங்க பாக்கிற சாமான் இல்ல தங்கச்சி."

"கந்தோர் வண்டியில எனக்குத் தெரியாத சாமான் இருக்கலாமோ?"

"தெரியாம இருக்கிறதுதான் ஒங்களுக்கு நல்லம்."

இப்படிச் சொன்னால் எந்த மனம் நம்பும்? நீங்கள் கிண்ணியா ஆள், தம்பலகாமப் பக்கம் வயல் உள்ள ஆள், அப்படியென்றால் அரிசிதான் என்று முடிவு கட்டினேன். உங்கள் ஊரையும் உங்கள் சனத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் முடிவு கட்டினேன். அதையும் மறைக்காமல் எழுதவேண்டும். பிடிபட்டால் மிஸியும் உடந்தை என்பார்கள், வீட்டில் ஐந்து வயிறு என்ற பயம் அதற்கு மேல்.

பொலிஸுக்குப் போன அந்த மொட்டைப் பெட்டிசத்தை நான்தான் எழுதினேன், நானா.

கொப்பித் தாளைக் கிழித்து, எழுத்துத் தெரியாமல் இருக்க இடக்கையால் எழுதினேன். உப்புவெளியில் போடாமல் நகரத்துக்குப் போய்த் தபாற்பெட்டியில் போட்டேன். "நெஞ்சுநோய்க் கறவனின் முன்பெட்டியில் அரிசி கடத்தப்படுகிறது" என்று ஒரே வரி. பெயர் இல்லை.

இரண்டாவது கிழமை, மூதூர்த் தெருவில் பொலிஸ்காரர் எங்களை மறித்தார்கள். முதல் தடவையாக, "பெட்டியத் திறங்க" என்றார்கள். நீங்கள் மறு பேச்சின்றித் திறந்தீர்கள். ஒருவர் கூரான இரும்புக் கம்பியைச் சாக்கில் குத்தி இழுத்தார். ஆற்று மணல் ஒழுகியது. நாலு சாக்கிலும் மணல். பொலிஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "மண்ணக் கடத்துறியா காக்கா?"

"வீடு கட்டுற" என்று நீங்களும் சிரித்தீர்கள். நான் ஜீப்புக்குள் இருந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரந்தான் சின்னத்துரை கேட்டு, நீங்கள் விளக்கினீர்கள். கரவனைச் செய்தவன் எக்ஸ்ரே இயந்திரத்தையும் ஜெனரேற்றரையும் அச்சுக்குப் பின்னால் வைத்துப் பூட்டிவிட்டான். வால் பாரம், மூக்கு லேசு. "மூக்கு லேசா இருந்தா கரவன் ஜீப்ட குண்டியத் தூக்கும். பின் சில்லு மண்ணப் புடிக்காது. எறக்கத்தில வால் ஆடத் தொடங்கினா ஒருத்தராலயும் நிப்பாட்ட ஏலா." அதனால் மூக்குக்கு மணல் மூட்டை. பாதையில் பாரம் கூடினால் துறைகாரர் ஏற்றமாட்டார்கள். ஆகவே ஆற்றைக் கடக்கு முன் கொட்டி, கடந்த பின் நிரப்பினீர்கள்.

"அப்ப ஏன் எங்களுக்கு ஒளிச்சனீங்கள்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கந்தோர்ல கேட்டன் தங்கச்சி. பெற்றோல் கூடப் போகும், ஒரு கல்லும் ஏத்தப்படாதெண்டு எழுத்தில தந்திட்டாங்க. நான் செய்யிறது பிழ. அத நீங்க ரெண்டு பேரும் கண்டா, கண்டும் சொல்லலையெண்டு ஒங்களையும் புடிப்பாங்க. அதுதான் தேத்தண்ணிக்கு அனுப்பினன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

பொலிஸிடமிருந்து சேதி கந்தோருக்குப் போனது. பெரிய டொக்டர் உங்களைக் கூப்பிட்டார். பெட்டியில் கந்தோர்ப் பூட்டு ஏறியது, திறப்பு அவருடைய மேசைக்குள் போனது. "மணல் இல்லாமல் மூதூருக்கு அங்கால அந்தக் குளக்கட்டால இறங்க ஏலாது ஐயா" என்று நீங்கள் மன்றாடியது வெளியில் நின்ற எனக்குக் கேட்டது. "இவ்வளவு நாளும் எல்லாரும் மணல் போட்டா வண்டி ஓட்டினவங்கள்?" என்பது பதில். உள்ளே போய், 'ஐயா, அவர் சொல்வது சரி' என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி, 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று வரும். அதற்குப் பயந்தேன்.

அடுத்த பயணம் மாரிக்குச் சற்று முன். நீங்கள் நடக்கிற வேகத்தில் ஓட்டினீர்கள். பின் சில்லு இரண்டு முறை காற்றில் சுழன்றது. குளக்கட்டின் உச்சியில் ஜீப்பை நிறுத்தி எட்டிப் பார்த்தீர்கள். கீழே செங்குத்தான இறக்கம், மாட்டுவண்டில் போன ஆழமான தடம், அதற்கும் அப்பால் மரநிழலில் அறுபது எழுபது பேர் படமெடுக்கக் காத்திருந்தார்கள். ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக் கையசைக்க வைத்தாள்.

"ரெண்டு பேரும் எறங்கி நடங்க."

"நீங்களும் இறங்குங்கோ நானா. சனம் இங்க ஏறி வரட்டும். மேலயே படம் எடுப்பம்" என்றார் சின்னத்துரை.

"கட்டில கரவன நிப்பாட்ட எடமில்ல. இருமுற சனம், ஏறவும் ஏலா. நீங்க நடங்க. தங்கச்சி, செருப்பக் கழட்டிட்டு நடங்க, வழுக்கும்."

நாங்கள் பாதித் தூரம்கூட இறங்கவில்லை. பின்னால் தகரம் அடிபடும் சத்தம். திரும்பினேன். கரவனின் வால் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது, மறுபடி இடப்பக்கம் போனபோது ஜீப்பின் பின்பாகத்தையும் இழுத்துக்கொண்டு போனது. நீங்கள் பாயவில்லை. கீழே நின்ற சனத்தின் பக்கம் வண்டி போகாமல், கடைசிவரை சுக்கானைக் குளத்துப் பக்கமே பிடித்தீர்கள். ஜீப்பும் கரவனும் கட்டிலிருந்து புரண்டு, தண்ணீர் வற்றிய சேற்றில் விழுந்தன.

படமெடுக்க நின்ற சனந்தான் ஓடிவந்தது. இருமி இருமிக் கயிறு இழுத்தார்கள். உங்கள் இடது தொடை ஜீப்புக்கு அடியில் இருந்தது. நான் கட்டுப் போடும்போது, "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையே?" என்று மட்டும் கேட்டீர்கள்.

விசாரணையில், பெட்டிசத்தை உங்கள் கையில் கொடுத்தார்கள். "இதை எழுதினது யாரெண்டு தெரியுமா?" ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, அந்த ஒரு வரியை நீங்கள் வெகுநேரம் வாசித்தீர்கள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. பயணக் குறிப்புப் புத்தகத்தை எழுதுகிறது நான். ஒவ்வொரு நாளும் வாசித்துக் கையெழுத்து வைக்கிறது நீங்கள். கரவன் என்பதற்கு நான் எப்போதும் பெரிய 'ற' போடுவேன். "கறவன் எண்டா பால் கறக்கிறவன் தங்கச்சி" என்று எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பீர்கள்! இடக்கையால் எழுதினாலும் எழுத்துப் பிழை என்னுடையதுதான்.

நீங்கள் தாளை மடித்து மேசையில் வைத்தீர்கள். "தெரியா ஐயா" என்றீர்கள். என் பக்கம் பார்க்கவில்லை.

உங்கள் வேலைக் கோவையில் 'கவனக்குறைவு' என்று எழுதி உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் குளக்கட்டுக்கு அப்பால் இருந்த சனம் இரண்டு வருடம் எக்ஸ்ரே இல்லாமல் இருந்தது. கையசைத்த பிள்ளையின் தாய் அந்த இடைவெளியில் போய்விட்டாள். யார் மேல் எழுதுவது அதை?

இதுதான் நான் கேட்க இருந்தது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால் ஏன் காட்டிக் கொடுக்கவில்லை? நான் கிண்ணியாவுக்கு மூன்று தரம் வந்து நீங்கள் பிறகு போட்ட சைக்கிள் கடையின் மரவாங்கில் இருந்தேன். மூன்று தரமும் தேத்தண்ணி தந்தீர்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் முகத்தைக் களவாகப் பார்த்தேன். இந்தச் சிரிப்பு தெரிந்த சிரிப்பா, தெரியாத சிரிப்பா என்று. மன்னித்தவரின் வீட்டுத் தேத்தண்ணியைக்கூடச் சந்தேகத்தோடு குடித்தவள் நான். மன்னித்தீர்கள் என்று இப்போது எழுதுகிறேனே, அதையாவது நிச்சயமாகத் தெரிந்தா எழுதுகிறேன்?

ஒரு புதினமும் சொல்லவேண்டும். போன மாதம் கந்தோருக்குப் புதுக் கரவன் வந்தது. இயந்திரத்தை அச்சுக்கு முன்னால் பூட்டியிருக்கிறார்கள். ஓட்டுகிறவர் முதல்நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதச் செஞ்சவனுக்கு இழுவை தெரியும்" என்றார். சின்னத்துரை வெளியே போய்விட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டிசம் எழுதினது யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்வார்.

வருகிற வியாழக்கிழமை நான் பாதையேறி வருகிறேன், நானா. உங்கள் மனைவி, ராத்தாவிடம் முதலில் என் வாயால் சொல்வேன். பேப்பரில் வாசித்து அவர் அறியக்கூடாது. அதற்குப் பிறகு கந்தோருக்குப் போய், உங்கள் கோவையை எடுக்கச் சொல்லி, மணல் சரி, மறித்தது பிழை, எழுதியது நான் என்று கையொப்பம் வைத்துக் கொடுப்பேன். வேலை போனால் போகட்டும். இப்போது வீட்டில் ஐந்து வயிறு இல்லை. இருந்தாலும் கொடுத்திருப்பேனா என்று தெரியாது. அதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ராத்தா கதவைச் சாத்தினால் அது அவருடைய உரிமை. அடுத்த வியாழனும் வருவேன்.

உங்களோடு பிறக்காத, உங்களுக்குப் பிழை செய்த தங்கச்சி,
செல்வராணி
உப்புவெளி