ஒரே சட்டியில் இரண்டு உப்பு

டுபெர்னெய் அண்ணா, அம்மா சொல்லச் சொல்ல நான், உன் தங்கை சலோமே, எழுதுகிறேன். ஒன்றும் விடாமல், உள்ளபடியே எழுதுவேன். அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, அதனால்தான் பேனா என்னிடம். இனி ‘நான்’ என்று வந்தால் அது அம்மா. அடைப்புக்குள் வந்தால் நான்.

அன்பு மகனுக்கு, நாங்கள் நலம், நீயும் உன் பிலாரும் அந்த ஸ்பெயின் குளிரில் நலமாக இருக்கக் கன்னி மாதா துணை. போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் குறுக்கே பேசுவாய், அதனால் கடிதம். இங்கே அங்கோஸ்துராவில் ஓயாத மழை, காப்பிக் கொட்டை காயவே இல்லை. ஒஃபேலியா பெரியம்மா இப்போது என்னையும் அடையாளம் கண்டுகொள்வதில்லை, ஆனால் தலை வாரிவிட்டால் சிரிக்கிறாள். அவளுக்கு ஐம்பத்தொன்று, எனக்கு நாற்பத்து மூன்று, எங்கள் அப்பாவுக்கு இந்த மறதி தொடங்கியது நாற்பத்தாறில். நம் வீட்டில் எல்லோரும் மெதெயீன் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப்போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்போம், சீஸ் ரொட்டி தின்போம், திரும்பிவிடுவோம், முடிவை யாரும் கேட்டதில்லை, அது உனக்கே தெரியும். இந்த முறை டாக்டரம்மா புதுப் பரிசோதனை என்றாள். மறதி தலைகாட்டும் முன்பே ரத்தத்தில் ஒரு புரதம் ஏறத் தொடங்குமாம். இந்த வயதிலும் அது ஏறவில்லை என்றால் பெரும்பாலும் எனக்குப் பயமில்லை, எனக்கு இல்லை என்றால் உங்கள் இருவருக்கும் இல்லையாம். யாருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டாள். கில்தார்தோ மாமா, “டிசம்பர்ல கிறிஸ்துமஸுக்கு வெட்டப்போறோம்னு பன்னிகிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போவுது?” என்றார், எல்லோரும் சிரித்தோம், நானும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை பீன்ஸ். வாயில் வைக்க முடியாத உப்பு. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, மாமா இரண்டாம் தடவை வாங்கி, “அக்கா, கை மணக்குது!” என்றார். ஒஃபேலியா பேன்ட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வந்த வருஷம் நாங்கள் அவளிடம் இப்படித்தான் கண்டும் காணாததுபோல் இருந்தோம். நான் தட்டைத் தள்ளிவிட்டு, “ஏன்டா, நான் இன்னும் செத்துப்போகலையே, உப்புன்னு சொன்னா என்ன?” என்று கத்தினேன். அப்போதுதான் இந்தக் குட்டி அழுதுகொண்டே, “நானும் போட்டேம்மா. நீ மறந்திருப்பியோன்னு…” என்றாள். (உண்மைதான். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து அம்மாவின் பின்னாலேயே போய் அடுப்பை, சாவியை, உப்பைப் பார்க்கிறேன்.) நான் மறக்கவில்லை, மகனே. ஆனால் ஒரு சட்டியில் இரண்டு பேர் உப்புப் போடும் வீட்டில் இனி தெரியாமல் இருக்க முடியாது. செவ்வாய்க்கிழமை போய் முடிவைக் கேட்கப் போகிறேன்.

நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே. கல்யாணத்தைத் தள்ளிப்போடாதே. பிலாரிடம் எதையும் மறைக்காதே, அவளுக்கும் கேட்க உரிமை உண்டு. உனக்குத் தெரிய வேண்டும் என்றால் மட்டும் ‘சொல்’ என்று ஒரு வார்த்தை அனுப்பு, வேண்டாமென்றால் மழையைப் பற்றி எழுது, நானும் மழையைப் பற்றியே எழுதுவேன். சலோமே சின்னப் பெண், அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போகிறேன். (நானும் உள்ளே வருகிறேன் என்றேன். “அதை எழுதாதே” என்றாள். எழுதிவிட்டேன்.) கம்பளித் துண்டைப் பெட்டிக்குள் வைத்திருக்காமல் கழுத்தில் சுற்று. நன்றாகச் சாப்பிடு. மாதா உன் வாசலைக் காக்கட்டும்.

உன் அம்மா,
ஃபாபியோலா

அண்ணா, கையெழுத்து அவளே போட்டது, கொஞ்சமும் நடுங்கவில்லை. நாளைக்கான பீன்ஸ் அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறது. அவள் உப்புப் போட்டாளா என்று எனக்குத் தெரியாது, நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. இப்போது சமையலறை விளக்கை அணைத்துவிட்டாள், இருட்டில் அவள் நடப்பது மட்டும் கேட்கிறது.