மூன்றாம் நாள் உபயம்

20 ஜூலை 2023
சுங்கை சிப்புட் வழக்கில் சாட்சி விசாரணை முடிந்தது. ரப்பர் தோட்டத்தை வாங்கிய கம்பெனி, தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில் மிஞ்சியிருக்கும் குடும்பங்களைக் காலி செய்யச் சொல்கிறது. பழைய முதலாளி மாற்று வீடு தருவதாகச் சொன்னதற்குச் சாட்சி இருக்கிறது. வீடு கொடுக்காமல் வெளியே தள்ள முடியாது. அப்படித்தான் எழுதப் போகிறேன்.

தற்காலிக நீதிபதியாக என் இரண்டு வருடத் தவணையும் நவம்பரில் முடிகிறது. நிரந்தர நீதிபதி ஆக்குவார்களா?

25 ஜூலை
நான் வழக்கிலிருந்து விலக வேண்டுமாம். கம்பெனி வக்கீல் கனகராஜ் மனுப் போட்டிருக்கிறார். கூடவே ஒரு புகைப்படம் – லயத்து மாரியம்மன் கோயிலின் ஆடித் திருவிழா பேனர். ‘மூன்றாம் நாள் உபயம்: மாண்புமிகு நீதிபதி விசாலி மெய்யப்பன் குடும்பத்தார்.’ பத்திரிகையில் வந்த என் படம், அம்மனைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அந்தக் கோயிலை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

27 ஜூலை
கோயில் தலைவர் மாயாண்டியைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட்டு, யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்றேன்.

“யாரையும் கேக்கலம்மா. பெரியவங்க பேர்ல ஒரு நாள் போடறது எங்க வழக்கம். போன வருசம் போலீஸ் ஐயா பேரு. செலவு எங்களுதுதான். உங்களுக்கு நல்ல புத்தி குடுக்கணும்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டோம்லா.”

எனக்குத் தமிழே தெரியாதது போல, மொழிபெயர்ப்பாளர் மங்களம் இதை நீதிமன்ற மொழியான மலாயில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். ‘நல்ல புத்தி’ வந்தபோது அவள் குரல் இறங்கிவிட்டது.

கனகராஜ் ஒன்றும் அறியாதவர் போல நின்றார். லயத்தில் பிறந்தவர். எங்கள் வீட்டில் தோட்டம் வாங்கி விற்றவர்கள்தான் உண்டு. இந்த வழக்கம் எனக்குத் தெரியாது, அவருக்குமா தெரியாது?

28 ஜூலை
“விலகிட்டுப் போயேன், விசாலி. நவம்பர நினைச்சுப் பாரு” என்கிறார் வீட்டில் இவர்.

விலகினால் என் பெயர் சுத்தம். வழக்கு வேறொருவரிடம் முதலிலிருந்து தொடங்கும். கம்பெனி இப்போதே லயத்துக்காரர்களுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டது. அதுவரை அவர்கள் தாங்குவார்களா?

கோபமெல்லாம் மாயாண்டி மேல்தான். நான் கேட்டேனாய்யா? கும்பிடுறேன், கும்பிடுறேன்னு வந்து என் கையையும் கட்டி, உங்க வீட்டையும் கெடுத்துட்டீங்களேய்யா...

18 ஆகஸ்ட்
விலக மறுத்தேன். தீர்ப்பும் சொல்லிவிட்டேன். வீடு கொடுக்கும்வரை யாரும் வெளியேற வேண்டியதில்லை. மாயாண்டி நீதிமன்ற வாசலில் நின்று அழுதாராம்.

30 நவம்பர்
என்னை நிரந்தரமாக்கவில்லை. தவணையையும் நீட்டவில்லை. காரணம் சொல்ல மாட்டார்கள். பாராட்டுக் கேடயம் மட்டும் கொடுத்தார்கள். இவர் அதை வாங்கி அலமாரியில் வைத்தார். ‘அப்பவே சொன்னேனே’ என்றிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

14 மார்ச் 2024
மேல்முறையீட்டில் என் தீர்ப்பு ரத்து. அந்தப் பேனரைப் பார்க்கும் எவருக்கும் சந்தேகம் வருமாம், நான் விலகியிருக்க வேண்டுமாம். மறுபடி விசாரணை.

2 மே
மங்களம் போன் செய்தாள். “தண்ணி இல்லாம எத்தன நாளுக்குக்கா? குடுத்தத வாங்கிக்கிட்டு எல்லாரும் வாடகை வீட்டுக்குப் போயிட்டாங்க.”

லயத்தை இடித்தாயிற்று.

11 ஜூலை
மாயாண்டி பேசினார். மங்களத்திடம் நம்பர் வாங்கினாராம். அம்மனை ஒரு தகரக் கொட்டகையில் வைத்திருக்கிறார்களாம். திட்டத்தான் வாயெடுத்தேன்.

“ஆடி வருதும்மா. மூணாவது நாளுக்கு உங்க பேரு போடலாமா? இப்பதான் நீங்க ஜட்ஜ் இல்லையே, பிரச்சனை வராதுலா?”



“போடுங்க” என்றேன். “படம் வேணாம்.”

“சரிம்மா. அந்த மாண்புமிகுவ?”

“எடுத்துடுங்க.”