கழுவிய தொட்டி

மார்ச் 4, செவ்வாய்

பக்கத்து மேசை யோஸ்கே இன்றும் கேக் கொண்டுவந்தாள். எங்கள் துறையில் நல்ல சேதி உள்ளவர்தான் கேக் வாங்க வேண்டும். மற்றவர்கள் வாழ்த்திவிட்டுத் தின்ன வேண்டும். இந்த வருடம் அவளுக்கு இது மூன்றாவது. நான் இன்னும் தின்பவள்தான். ஆப்பிள் கேக். நன்றாக வேறு இருந்தது.

மார்ச் 11

எங்கள் இருவர் ஆய்வும் சொட்டும் துளியின் சத்தம்தான். ஒரே அறை, ஒரே மாதிரிக் கண்ணாடித் தொட்டி, துளி சொட்ட ஒரே மாதிரி ஊசி, ஒரே உயரம். யோஸ்கேயின் துளி தண்ணீரில் விழுந்து பறிக்கும் குழி, மூடும்போது அடியில் ஒரு குமிழியைப் பிடித்துக்கொள்கிறது. அது அதிர்ந்து ‘ப்ளிங்’ என்கிறது. என் துளியும் குழி பறிக்கிறது, தண்டாக எழுகிறது, அடங்குகிறது. குமிழி இல்லை, சத்தம் இல்லை. பதினோரு வாரம்! மே முடிவில் முனைவர் ஆய்வின் முதலாண்டு மதிப்பீடு. காட்ட ஒன்றுமில்லை என்றால் வேலை போச்சு.

மார்ச் 13

நான் தினமும் பாத்திரச் சோப்புப் போட்டுத் தொட்டியைத் தேய்க்கிறேன். அவள் தண்ணீரை மாற்றுவதோடு சரி. கண்ணாடியெல்லாம் உப்புக் கறை. “அதுல என்ன, சூப்பா குடிக்கப் போற?” என்கிறாள் என்னிடம். அழுக்குத் தொட்டிதான் பாடுகிறது.

மார்ச் 20

எங்கள் வழிகாட்டி ரெய்னிர் என் துளிகளின் படங்களைப் பார்த்தார். “அழகா இருக்கு, வீப்கே. ஆனா ஒண்ணுமே நடக்கலையே.” பிறகு யோஸ்கேயின் மேசைக்குப் போய் அரைமணி நேரம் நின்றார்.

மார்ச் 21

அவள் சாப்பிடப் போனபோது அவள் தொட்டியைக் கழுவிவிட்டேன். என் சோப்பு, என் பிரஷ். உதவி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இல்லை. அழுக்கோடு அவள் அதிர்ஷ்டமும் போகட்டும் என்றுதான். இது எந்த ஊர் இயற்பியல்?

மார்ச் 24

காலை முழுக்க அவள் துளிகள் ஊமை. எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. பிறகுதான் உறைத்தது — சோப்பு. அலசியும் போகாத துளியூண்டு சோப்பு. அது நீரின் மேல்பரப்பைத் தளர்த்திவிட்டால் குமிழி சிக்காது. பதிமூன்று வாரமாக என் துளிகளின் வாயை நானே கட்டியிருக்கிறேன்.

அவளிடம் சொல்லவில்லை. முதலில் நானே கட்டுரை எழுதிவிட்டால்?

மார்ச் 26

தொட்டியை மோந்து பார்த்தாளாம். எலுமிச்சை வாசனை. “நீதான கழுவுன? அடியே, சோப்புதான் துளிய ஊமையாக்குது! எனக்கு எவ்ளோ பெரிய உபகாரம் பண்ணிருக்க தெரியுமா?” கையோடு ரெய்னிரிடம் ஓடினாள்.

ஏப்ரல் 15

அவள் கட்டுரையின் வரைவு. கடைசியில் நன்றி: ‘தொட்டியை அன்போடு கழுவித் தந்த வீப்கேவுக்கு.’

அன்போடு. அந்த ஒரு சொல்லை எடுக்கச் சொல்லவேண்டும். ஏன் என்று கேட்பாளே.

ஏப்ரல் 16

ஒரு கையால் சைக்கிள் ஓட்டி, மறு கையில் செர்ரி கேக்கோடு வந்தேன். அறையே திரும்பிப் பார்த்தது. “அப்பாடா! என்னடி நல்ல சேதி?” என்றாள் யோஸ்கே.

“நல்ல சேதி இல்ல. வெட்டு, சொல்றேன்.”

ஏன் கழுவினேன் என்று சொன்னேன். பாதி தின்ற தட்டை என் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

மாலையில் வரைவு திரும்பி வந்தது. ‘அன்போடு’ மட்டும் அடிபட்டிருந்தது. ஓரத்தில் பென்சிலில்: “உன் ஊமைப் படம் அத்தனையும் நாளைக்குக் கொண்டா. கட்டுரையில சேக்கணும். என் தொட்டியத் தொடாத.”