நாற்காலி போட்டு வைத்த இடம்

பிளம் தெரு
1988 பிப்ரவரி 9

அன்புள்ள மூன்றாம் மாடிக்கு,

நீ மாடியைக் காலி செய்து மூன்று வருடமாகிறது. நீ விட்டுப்போன மஞ்சள் நாற்காலி மட்டும் வாடகை கொடுக்காமல் இன்னும் என்னோடு இருக்கிறது. நேற்றுப் பனியை வாரி ஒதுக்கிவிட்டு, வேறு யாரும் வண்டியை நிறுத்திவிடாதபடி என் கார் நிற்கும் இடத்தில் அதைத்தான் போட்டு வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. தெருவில் எனக்கு அவ்வளவு மரியாதை மிச்சமிருக்கிறது.

வீட்டுக்காரர்கள் நம் வீட்டை விற்றுவிட்டார்கள். வரிசை முழுவதையும் இடித்துவிட்டு அடுக்குமாடி வரப்போகிறதாம். என்னிடம் முடி வெட்டிக்கொள்ள வந்த எதிர் வரிசை மிசஸ் நூனன் சொன்னாள்: "எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? புதுக் கட்டடத்துல பத்துல ஒரு வீட்ட நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் குறைஞ்ச வாடகைக்கு விட்டே ஆகணும். உன் மூணாம் மாடிக்காரன்தானே சிட்டி ஹால்ல உக்காந்து அந்தச் சட்டத்த எழுதினான்."

உண்மையா? இருபது வருடம் இருந்த தெருவிலேயே எனக்கு ஒரு வீடு கிடைக்குமா?

இனிப்பு ரொட்டி அனுப்பியிருக்கிறேன். லஞ்சம் இல்லை. திராட்சைகூடப் போடவில்லை.

இரண்டாம் மாடி


சிட்டி ஹால்
1988 பிப்ரவரி 20

அன்புள்ள இரண்டாம் மாடிக்கு,

ரொட்டியை மேஜை இழுப்பறையில் ஒளித்து வைத்து, திருடன் மாதிரித் தின்று முடித்தேன். என் முன்னாள் மனைவி மறுமணம் செய்துகொள்கிறாள். மாப்பிள்ளை பல் டாக்டர். என்னோடு இருந்தவரை அவள் பல்லைக் காட்டியதே இல்லை. அவர் எப்படிப் பார்த்தாரோ.

நூனன் சொன்னது பாதி சரி. கட்டுகிறவர் அந்த வீடுகளை அங்கேயே கட்டித் தரலாம். இல்லையென்றால் அதற்கு ஈடாக நகரத்தின் வீட்டு நிதிக்குக் கட்டணம் செலுத்தலாம். அந்தப் பணத்தில் நாங்கள் வேறு இடத்தில் கட்டுவோம். எது என்பது நகராட்சிக் கூட்டத்தில் முடிவாகும். நீ பயப்படாதே. நான் இருக்கிறேனே.

மூன்றாம் மாடி


பிளம் தெரு
1988 ஜூன் 3

அன்புள்ள மூன்றாம் மாடிக்கு,

கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன், கடைசி வரிசையில். புதுக் கோட்டில் அழகாக இருந்தாய். பிளம் தெருவிலேயே கட்டச் சொன்னால் பதினோரு வீடுதான் வரும், கட்டணமாக வாங்கினால் பஸ் டிப்போ பக்கம் சும்மா கிடக்கும் நகரத்து நிலத்தில் முப்பத்து நாலு வீடு கட்டலாம் என்றாய். நான் கைதட்டினேன். நூனன் என் கையைப் பிடித்து அமுக்கினாள்: "அடி பைத்தியமே, உன் வீடு போச்சுன்னு சொல்றான், நீ தட்டிட்டிருக்க."

முன்னாடியே என்னிடம் சொல்லியிருக்கலாம் நீ. ஆனாலும் முப்பத்து நாலு பதினொன்றைவிடப் பெரிதுதான். உன்மேல் கோபமில்லை. அதில் ஒன்று எனக்கென்றால் பஸ் இரைச்சலிலும் தூங்குவேன். அதுவரை ஃபால் ரிவர் ஊரில் அக்கா வீடு. அவள் குறட்டைக்கு பஸ் எவ்வளவோ தேவலை. உன் நாற்காலியையும் எடுத்துப் போகிறேன்.

இரண்டாம் மாடி


சிட்டி ஹால்
1988 ஜூன் 10

அன்புள்ள இரண்டாம் மாடிக்கு,

நேரில் சொல்லத்தான் தெருமுனை வரை பலமுறை வந்தேன். ஒவ்வொரு முறையும் முனைக் கடையில் டோனட் தின்றுவிட்டுத் திரும்பிப் போனேன். புதுக் கோட்டு வாங்கியதே பழையது பொத்தான் போட முடியாமல் போனதால்தான்.

டிப்போ வீடுகளுக்கு முதல் விண்ணப்பத் தாள் உனக்குத்தான். நானே தபாலில் அனுப்புவேன். பனியில் நாற்காலி போட்டு வைத்த மாதிரி நினைத்துக்கொள். யாரும் தொட மாட்டார்கள். நிம்மதியாகப் போய் வா.

மூன்றாம் மாடி


சிட்டி ஹால்
1992 மார்ச் 2

அன்புள்ள இரண்டாம் மாடிக்கு,

இதை வேடிக்கையாக எழுத முயன்று பார்த்தேன். வரவில்லை.

உன் விண்ணப்பம் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்திருக்கும். அதன் கீழே இருப்பது என் கையெழுத்து. இந்த வீடுகள் இப்போது இந்த நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்பது விதி. வெளியூர்க்காரர்கள் வந்து நம் ஆட்களின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாதென்று அதை எழுதியவன் நான். எழுதும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். உன் விலாசம் ஃபால் ரிவர்.

"நிம்மதியாகப் போய் வா" என்று உனக்கு எழுதிய அன்றைக்கே அந்த விதி என் மேஜைமேல் இருந்தது. ஊரைவிட்டுப் போகாதே, நூனனின் பின்னறையிலாவது ஒண்டிக்கொள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்த்தால், கட்டி முடிக்க நாலு வருடமாகும் என்பதையும் சொல்ல வேண்டும். நீ அப்போதுதான் என்மேல் கோபமில்லை என்று எழுதியிருந்தாய். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

நூனனுக்கு வீடு கிடைத்துவிட்டது. சாவி கொடுக்கும்போது, "இல்டா எங்கப்பா, அவளுக்கு எந்த வீடு?" என்று கேட்டாள். ஷூ லேஸ் கட்டுவது போல் குனிந்துகொண்டேன்.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

மூன்றாம் மாடி


ஃபால் ரிவர்
1992 மார்ச் 20

மதிப்பிற்குரிய திரு. மல்வி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முப்பத்து நாலு குடும்பங்கள் குடியேறியதில் மகிழ்ச்சி, உண்மையாகவே. மிசஸ் நூனனுக்கு வலது காது கேட்காது. கதவைப் பலமாகத் தட்டும்படி தபால்காரரிடம் சொல்லி வையுங்கள்.

நாற்காலியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அக்கா வீட்டில் கார் ஷெட் இருக்கிறது. இங்கே எதற்கும் நான் இடம் பிடித்து வைக்க வேண்டியதில்லை. அதன் ஒரு கால் ஆடுகிறது. பார்த்து உட்காருங்கள்.

இப்படிக்கு,
இல்டா ஃபுர்தாடோ