எல்லோரும் வைத்த கால்

மார்ச் 4, செவ்வாய்
பயிற்சிப் பணியில் இரண்டாவது வாரம். நாட்டுப்புற நடனம் சொல்லிக்கொடுக்கவெல்லாம் பயிற்சியா என்று அண்ணன் கிண்டல் செய்கிறான். ஆடுவது வேறு, ஆட வைப்பது வேறு என்று அவனுக்கு யார் சொல்வது. மாலை வகுப்பில் பத்தொன்பது பேர், எல்லோரும் வேலை முடிந்து வருகிறவர்கள். பதினெட்டுப் பேருக்குக் கால் வைக்க வந்துவிட்டது. பஸ் ஓட்டும் அக்காவுக்கு மட்டும் வரவில்லை. எதிரே நின்று, "வலது கால்" என்று என் காலை வைத்துக் காட்டுகிறேன். வரிசை முழுக்க ஒரு பக்கம் போகிறது, அவர் மறுபக்கம்.

மார்ச் 6
இன்றும் அப்படியே. "வலதுதானே டீச்சர் சொன்னீங்க?" என்றார்.
"ஆமாக்கா. அதைத்தான் எல்லாரும் வைக்கிறாங்க, பாருங்க."
சுற்றிப் பார்த்துவிட்டு மாற்றிக்கொண்டார். "இனிமே உங்க பஸ்ல ஏற யோசிக்கணும் போல" என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

மார்ச் 11
அக்காவைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன்.

மார்ச் 18
மாதக் கடைசியில் நடக்கும் நிகழ்ச்சியில் ஆட வேண்டாம், பாட்டுப் போடுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பக்குவமாகத்தான் சொன்னேன். "சரிங்க டீச்சர்." எல்லோரும் கிளம்பும்வரை நின்றார். "வீட்டுல தினமும் பழகுறேன்" என்றார். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு
எனக்கு மதிப்பெண் போடும் தலைமை ஆசிரியை, பயிற்சி அறிக்கையோடு வீடியோவும் கேட்டிருக்கிறார். முதல் வாரம் அண்ணன் கூடத்தின் பின்னாலிருந்து எடுத்தது இருந்தது. இருவரும் பார்த்தோம்.
"வலதுன்னு உன் குரல் கேக்குது. எல்லாரும் இடதை வைக்கிறாங்களே. அந்தக்கா ஒருத்தங்கதான் நீ சொன்னதைச் செய்யுறாங்க."
ஏழு முறை பார்த்தேன். எதிரே நின்று வலதைக் காட்டினால், பார்க்கிறவர்கள் அதே பக்கம் இருக்கும் தங்கள் இடதைத்தான் வைப்பார்கள். நான் இடதைக் காட்டியிருக்க வேண்டும். இல்லை, முதுகைக் காட்டி நின்றிருக்க வேண்டும். நான் கற்றது பக்கத்தில் ஆடுகிறவர்களைப் பார்த்து. எதிரே நின்றது இதுதான் முதல் தடவை. இது ஒரு சமாதானமா? பதினெட்டுப் பேர் என் காலைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் நான் சொன்னதைக் கேட்டார். அவரைப் போய் நான் —

மார்ச் 24
தலைமை ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நிகழ்ச்சிக்கு ஆறு நாள்தான் இருக்கு. இடதுலயே ஆடட்டும், பாக்குறவங்களுக்குத் தெரியாது. ரிப்போர்ட்ல எழுதாத. உனக்குத்தான் மார்க் போகும்."
தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 25
அக்கா வரவில்லை. பாட்டை நானே போட்டேன்.

மார்ச் 26
பஸ் பணிமனைக்குப் போனேன். அக்கா டிக்கெட் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இந்த வாரம் வண்டி எடுக்கவில்லையாம். வீடியோவைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.
கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்குப் புத்தி தடுமாறுதோன்னு பயந்துட்டேன் டீச்சர். அறுபது பேரை ஏத்திக்கிட்டுப் போறவ நான். அதான் வண்டி வேணாம்னு எழுதிக் குடுத்தேன்" என்றார்.
ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டலையே. பாவி நான், அங்கேயே அழுதுட்டேன். அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன்.

மார்ச் 27
வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிலர் முணுமுணுத்தார்கள், நியாயம்தான். முதலிலிருந்து ஆரம்பித்தோம். நிகழ்ச்சியிலிருந்து எங்கள் ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். எனக்குப் பயிற்சியில் தேர்ச்சி இல்லை. இன்னும் மூன்று மாதம் பயிற்சி.

ஏப்ரல் 8
நேற்றிலிருந்து அக்கா வண்டி எடுக்கிறார். இன்று சீருடையோடே வகுப்புக்கு வந்து, நேராகக் கடைசி வரிசையில் போய் நின்றார். முன்னால் கூப்பிட்டேன். "இங்கேயே இருக்கேன் டீச்சர்." நானும் அவர் பக்கத்தில் போய், எல்லோரும் பார்க்கிற திசையிலேயே நின்றுகொண்டேன்.
"வலது கால்" என்றேன்.
பதினெட்டுப் பேரும் வலதை வைத்தார்கள். அக்கா குனிந்து என் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.