இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

ஆகஸ்ட் 12, 2024, திங்கள்

இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. மேடவாக்கத்தில் முக்கால் மணி நேரம் பஸ் நகரவில்லை. தாம்பரம் தாண்டி காலேஜுக்குப் போய்ச் சேரும்போது ஜெயவேலு சார் பாதி வகுப்பை முடித்திருந்தார். எம்.டெக்., மென்பொருள் பொறியியலும் தொழில்முனைவும். பாதி நாள் கோடிங், மீதி நாள் கம்பெனி நடத்துவது எப்படி என்று பாடம். இந்த வருஷம் ஒவ்வொரு டீமும் நிஜமாகவே ஒரு கம்பெனி தொடங்கிக் காட்ட வேண்டும். அதற்குத்தான் மார்க்.

"சாமுண்டீஸ்வரி, உங்க ஐடியா என்ன?"

இல்லை. ஏழு வருஷம் அடுத்தவன் எழுதிய சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை பார்த்தேன். அதை உதறிவிட்டு, முப்பத்திரண்டு வயதில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். சொந்தமாக ஒன்று யோசி என்றால் வரவில்லை.

நிகில் எழுந்தான். என் டீமில் என்னைத் தவிர இருக்கிற ஒரே ஆள். சிட்லபாக்கம், இருபத்து மூன்று வயது. "சார், அக்காவோட அம்மா மீன் விக்கிறாங்க. கூடையில, வீடு வீடா. அதுல ஏதாவது பண்ணலாம் சார்."

வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. அவனிடம் மட்டும் ஒருநாள் கேன்டீனில் சொல்லித் தொலைத்தேன்.

ஜெயவேலு சார் முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர்! இது கதை. இன்வெஸ்டர்ஸ் இதைத்தான் கேப்பாங்க."

கதையாம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அம்மாவோடு கோவிலம்பாக்கம் போனேன். நீலாங்கரைக் கரையில் ஐந்தரைக்கு ஏலம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ரேடியல் ரோடு. அன்னக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த வாசனைக்கு ஒரு பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். அம்மா கவனிக்காத மாதிரி இருந்தாள். நான் கவனித்தேன்.

பதினெட்டு வருஷமாக அதே தெருக்கள். எல்லாம் தலைக்குள் இருக்கிறது. "மூணாவது மாடி ஆடிட்டர் வூட்டம்மாவுக்கு முள்ளு ஆவாது, வஞ்சிரம்தான். பக்கத்து வூட்ல சனிக்கெழம தொட மாட்டாங்க. அந்தப் பச்ச கேட்ல மாமியா இல்லாதப்போதான் எறா வாங்குவாங்க."

ஒவ்வொன்றையும் போனில் ஏற்றினேன். வீடு, பெயர், நம்பர், என்ன மீன், எந்தக் கிழமை.

"இன்னாத்துக்குடி இத்தயெல்லாம் எழுதிக்கினு வர்ற?"

"பாடத்துக்கும்மா."

பொய் இல்லை. பாடத்துக்குத்தான்.

அக்டோபர் 13, ஞாயிறு

அம்மாவோடு கரையில் மீன் எடுக்கிற ஐந்து பேரும் அவரவர் வீடுகளைச் சொல்லிவிட்டார்கள். அஞ்சலி அக்கா இரண்டு நாள் கூடவே நடந்து காட்டினாள். "நம்ம பொண்ணு படிப்புக்குத்தானே, எழுதிக்கோ." மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். பள்ளிக்கரணையிலிருந்து பல்லாவரம் பக்கம் வரைக்கும்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆப் ஓடுகிறது! வீடுகள் முதல் நாள் சாயங்காலமே ஆப்பில் என்ன மீன் வேண்டுமென்று சொல்லிவிடுகின்றன. விடிகாலையில் அந்தந்த அக்காவுக்குப் போனில் ஒரு குரல் படித்துச் சொல்லும். விற்கிற அளவுக்கு மட்டும் ஏலம் எடுத்தால் போதும், மிஞ்சுவது இல்லை. அஞ்சலி அக்கா அந்தக் குரலிடமே, "யாரும்மா நீ, எந்த ஊரு?" என்று விசாரித்தாளாம். கரையே சிரித்தது.

அம்மா பத்து மணிக்கெல்லாம் காலிக் கூடையோடு வந்தாள். காலை நீட்டி உட்கார்ந்தாள். பகலில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

நான் செய்தேன் இதை. நான்.

ஜனவரி 24, 2025, வெள்ளி

காலேஜில் புதுக் கம்பெனிகளுக்கான போட்டி நாள். பதினோரு டீம். நடுவர்களில் சக்திவேல் என்று ஒருவர். குளிர்பதனக் கிடங்கு வைத்து மீன் ஏற்றுமதி செய்கிறவர். நிகில் நன்றாகப் பேசினான். ஒரு ஸ்லைடில் 'இடைத்தரகர் இல்லாமல்' என்று போட்டிருந்தான். அந்த இடைத்தரகர் அம்மாதான் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

சக்திவேல் கேட்டார்: "இந்த ஆறு லேடீஸும் நாளைக்கு வர மாட்டோம்னு சொன்னா, உங்க கம்பெனி நிக்குமா?"

நிகில் என்னைப் பார்த்தான். மைக் என் கையில். முன் வரிசையில் ஜெயவேலு சார். ஒன்றரை வருஷமாக என்னை 'சீனியர் சிட்டிசன்' என்று கூப்பிட்ட பசங்கள் எல்லாரும்.

"நிக்கும் சார். வீடுங்க எங்ககிட்ட இருக்கு."

கைதட்டல். முதல் பரிசு.

ஜனவரி 25

அம்மாவிடம் கோப்பையைக் காட்டினேன். துடைத்து டிவி மேல் வைத்தாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சக்திவேல் கம்பெனிதான் முதலீடு செய்கிறது. மீன் அவர்கள் கிடங்கிலிருந்து வரும், கொண்டுபோய்க் கொடுக்க வண்டிப் பையன்கள். ஆறு அக்காக்களுக்கு என்ன என்று கேட்டேன். "அடுத்த கட்டத்துல அவங்களையும் உள்ள கொண்டு வரலாம்" என்றார். அதை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ஜெயவேலு சார் குனிந்து, "சென்டிமென்ட்டை வீட்ல வச்சிட்டு வாங்கம்மா. இப்பிடி ஒரு சான்ஸ் உங்க வயசுல இன்னொரு தடவை வராது" என்றார்.

உங்க வயசுல. அந்த ஒரு சொல்லுக்குத்தான் போட்டேனா?

இல்லை. எனக்கு வேணும்னு தோணிச்சு, போட்டேன். யார் மேலயும் பழி போடாத சாமுண்டி.

மே 4, ஞாயிறு

அம்மா கூடையில் பாதி அப்படியே திரும்பி வந்தது. "தடக்காலம்டி. பெரிய போட்டு எதுவும் போவல. இருக்கறது ஆன வெல. யாரு வாங்குவா? அதான் போன்ல அந்தக் கொரலும் வர்றதில்ல. தொறந்தா சரியாப் பூடும்."

சக்திவேல் கிடங்குக்கு மீன்பிடித் தடைக்காலம் கிடையாது. கேரளாவிலிருந்து லாரியில் வருகிறது, அதே வீடுகளுக்குப் போகிறது. ஆமாம்மா என்றேன்.

மே 29

புராஜெக்ட் வாய்மொழித் தேர்வு முடிந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

ஜூன் 22, ஞாயிறு

தடைக்காலம் முடிந்து ஒரு வாரம். அம்மா கூடை நிறைய எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மணிக்கு வந்தாள். இறக்கி வைக்கக்கூட ஆள் கூப்பிடவில்லை, தானே வாசலில் வைத்தாள். சங்கரா மீன் கண்ணெல்லாம் மங்கிப்போயிருந்தது.

பின்னாலேயே அஞ்சலி அக்கா. கையில் ஒரு நோட்டீஸ். அபார்ட்மென்ட் லிஃப்டில் ஒட்டியிருந்ததைக் கிழித்து வந்திருக்கிறாள். அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். 'மீனவர் மகளின் நிறுவனம். கரையிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு.'

"ரெண்டு நாளு வெயில்ல உன்னக் கூட்டிக்கினு நடந்தேனே சாமுண்டி. ஒவ்வொரு வூடா கை காட்னேனே. எங்கிட்டயே கேட்டு எங்க வாயிலயே மண்ணப் போட்டியா?"

அம்மா நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள். எழுத்து தெரியாது. படம் தெரியுமே.

"பாடத்துக்குன்னு சொன்ன" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 24, செவ்வாய்

காலேஜ் லேபில் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் அழித்தேன். நாற்பது நிமிஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. பேக்கப். எது அழிந்தாலும் தானாகவே மீட்டுக்கொள்ளும். எழுதியது நான்தான். கச்சிதமாக எழுதியிருக்கிறேன்.

நிகில் போன் செய்தான். "ஏன்க்கா இப்பிடி பண்றீங்க? நான் என்ன தப்பு பண்ணேன்? எனக்கும் வீட்ல லோன் இருக்குக்கா." அழுதான். அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் எடுத்தேன். முடியவில்லை.

ஜெயவேலு சார் ரூமுக்குக் கூப்பிட்டார். "அந்த டேட்டா இப்ப உங்களோடதும் இல்ல, உங்க அம்மாவோடதும் இல்ல. சக்திவேல் கேஸ் போடாம விட்றதே பெரிசு." கம்பெனியிலிருந்து நான் விலகுவதாக ராஜினாமாக் கடிதத்தை அவரே டைப் அடித்து வைத்திருந்தார். என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. திருத்தாமல் போட்டேன்.

ஜூன் 25

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டி, சக்திவேல் கேட்டது, மைக்கில் நான் சொன்ன பதில், எதையும் விடாமல். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நீ அப்டி சொன்னதுக்கு கை தட்னாங்களா?"

"தட்டுனாங்கம்மா."

"உம்."

திட்டியிருக்கலாம். அஞ்சலி அக்கா மாதிரி நேராகவே கேட்டிருக்கலாம். அம்மா வேற என்ன கேக்கப் போறாளோன்னு நான் உக்காந்துகிட்டே இருந்தேன். கேக்கல. சாப்பாடு போட்டா.

ஜூலை 18

பெருங்குடியில் பழையபடி டெஸ்டிங் வேலை. விட்டுவந்த சம்பளத்தைவிடக் குறைவு. இன்டர்வியூவில், "ரெண்டு வருஷம் கேப்ல என்ன பண்ணீங்க?" என்றார்கள். படித்தேன் என்றேன்.

செப்டம்பர் 6, சனி

பட்டமளிப்பு விழா. போகவில்லை. அஞ்சலி அக்கா குழாயடியில் எதிரே வந்தாள், குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டாள்.

அக்டோபர் 13, 2025, திங்கள்

மேடவாக்கத்தில் சக்திவேல் கம்பெனி மீன் வெட்டுகிற கொட்டகை திறந்திருக்கிறது. அம்மா அங்கே சேர்ந்து பத்து நாளாகிறது. என்னிடம் கேட்கவில்லை. சேர்ந்த பிறகுதான் சொன்னாள். நின்றபடி எட்டு மணி நேரம், கையில் ரப்பர் உறை, தலையில் பிளாஸ்டிக் தொப்பி. வெட்டுகிற மீன் எந்த வீட்டுக்குப் போகிறது என்று அவர்களுக்குச் சொல்வதில்லை. வெட்டும் அளவை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறாளாம்.

நேற்று அடையாள அட்டை கொடுத்திருக்கிறார்கள். இன்று காலை கிளம்பும்போது கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"பேரு சரியாக் கீதான்னு பாரு."

"முத்தாலம்மாள். சரியாத்தான் இருக்கு."

"கீழ இன்னாவோ போட்டுக்கிதே?"

"பார்ட்னர்."

"அப்டின்னா?"

"கூட்டாளிம்மா."

"யாருக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதிலுக்காக என் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அதற்குள் வேன்காரன் ஹாரன் அடித்தான். அட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.